உடைந்ததும் உடைத்ததும்: அநாத்மம் படிக்க உட்காருபவர்களுக்கு

"நான்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்றீங்களே, அப்ப நேத்து ராத்திரி குடிச்சிட்டு வந்து வீட்ல சண்டை போட்டது யாருண்ணா?"

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் யார் வீட்டு மாடியில் பாய் விரித்து பௌத்தம் படிக்க உட்கார்ந்தாலும் இரண்டாவது வாரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். சில சமயம் குடித்தவரின் மனைவி கேட்பார், சில சமயம் குடித்தவரே கேட்பார். வார்த்தை ஒன்றுதான், கேள்வி வேறு. மனைவி நியாயம் கேட்கிறார். கணவர் தப்பிக்க ஒரு சந்து தேடுகிறார். படிப்பை நடத்துபவர் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் அந்தப் பெண் வரமாட்டார்.

கேள்வி மிகப் பழையது. புத்தரின் போதனைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 109ஆம் சூத்திரத்தில், ஒரு பௌர்ணமி இரவில், ஐந்து கந்தங்களில் (உடம்பும் மனமுமாக மனிதரை ஆக்கும் ஐந்து கூறுகளில்) எதுவும் ஆன்மா அல்ல என்று புத்தர் சொல்லி முடித்ததும் ஒரு பிக்குவின் மனதில் இதே எண்ணம் ஓடுகிறது: ஆன்மா அல்லாதவை செய்த வினை எந்த ஆன்மாவைப் போய்த் தொடும்? புத்தர் அதற்கு ஒரு தத்துவ விளக்கம் கொடுக்கவில்லை. வேட்கையின் பிடியில் இருக்கும் மனம் போதனையைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறது என்று கண்டித்துவிட்டு, உருவம் நிலையானதா நிலையற்றதா என்று மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பிக்கிறார்.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுக்க வேண்டியது வரிசை. அநாத்மத்தில், அதாவது 'ஆன்மா என்று ஒன்று இல்லை' என்பதில், தொடங்கக் கூடாது. குறைந்தது நான்கு வாரம் பஞ்சசீலம், அதாவது இல்லறத்தாருக்கான ஐந்து ஒழுக்கங்கள். அதற்குப் பிறகே ஐங்கந்தம். வரிசையை மாற்றிய இடங்களில் எல்லாம் விளைவு ஒன்றுதான்: 'நான் இல்லை' என்ற சொல் முதலில் கைக்கு வந்துவிடுகிறது, கடனைக் கேட்டு வருபவரிடம் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

சீலத்தை எப்படிப் படிப்பது? 'பொய் சொல்லாதே' என்று ஒப்பித்துவிட்டுப் போவதில் பயன் கொஞ்சம்தான். பழைய உரைகள் ஒவ்வொரு சீலக் குற்றத்தையும் உறுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. உயிர்க்கொலைக்கு ஐந்து: ஓர் உயிர் இருப்பது, அது உயிர் என்று தெரிந்திருப்பது, கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு. பொய்க்கு நான்கு: விஷயம் உண்மையாக இல்லாதது, ஏமாற்றும் எண்ணம், முயற்சி, கேட்டவர் அதைப் புரிந்துகொள்வது. இவற்றைக் கரும்பலகையிலோ ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்திலோ எழுதிப் போட்டு, ஒவ்வொருவரும் அந்த வாரம் நடந்த ஒன்றை அதில் பொருத்திப் பார்க்க வேண்டும். இருட்டில் எறும்பை மிதித்ததில் இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. தராசில் கல்லைக் குறைத்து வைத்ததில் எல்லாம் இருக்கிறது. அது களவுக் கணக்கில் போகும்.

பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒன்று புலப்படும். அந்த ஐந்திலும் நான்கிலும் 'ஆன்மா' என்ற உறுப்பு இல்லை. ஒரு செயலைச் செயலாக்க என்னென்ன வேண்டுமோ அவ்வளவும் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளி மட்டும் இல்லை. எண்ணத்தையே நான் வினை என்கிறேன் என்று அங்குத்தர நிகாயத்தில் (6.63) புத்தர் சொல்வதன் எடை அங்கேதான் தெரியும். பாலியில் அதைச் சேதனை என்கிறார்கள். குற்றத்துக்கு வேண்டியது எண்ணமும் அறிவும் முயற்சியும். இதை நான்கு வாரம் கையால் தொட்டுப் பழகியவருக்குப் பிறகு 'ஆன்மா இல்லை' என்று கேட்டால் தலை சுற்றாது.

ஐந்தாவது வாரம் உடம்பை வைத்துத் தொடங்குவது நல்லது. பாயில் சம்மணமிட்டு 20 நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி கொடுங்கள், அவர்களை வீராப்புக்கு விடக் கூடாது. பன்னிரண்டு, பதிமூன்று நிமிடத்தில் கால் மரத்துப் போகத் தொடங்கும். அதுதான் பாடம். மணிமேகலையின் முப்பதாம் காதை ஐங்கந்தத்தை அழகான தமிழில் சொல்கிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. கால் உருவு. அதில் ஏறும் வலி நுகர்ச்சி. 'இது வலி' என்று பெயர் வைப்பது குறிப்பு. மாற்றி உட்காரலாமா என்று உந்துவது பாவனை. இவை அத்தனையும் நடப்பதைத் தெரிந்துகொண்டிருப்பது உள்ள அறிவு. இப்போது ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஆணை போட்டுப் பார்க்கட்டும். காலே, மரக்காதே. வலியே, நில். ஆசையே, எழாதே. ஒன்றும் கேட்காது. சாரநாத்தில் ஐந்து பிக்குகளுக்குச் சொன்ன இரண்டாவது போதனையின் சோதனை இதுவே: உருவம் ஆன்மாவாக இருந்தால், 'இப்படி இரு, இப்படி இராதே' என்று அதனிடம் சொல்ல முடிந்திருக்கும்.

இங்கேயே நிறுத்தினால்தான் வம்பு. 'எதுவும் என் கையில் இல்லை' என்ற முடிவோடு கூட்டம் எழுந்து போய்விடும். அதனால் மணி அடித்ததும் உடனே காலை நீட்டச் சொல்லக் கூடாது. எப்போது நீட்டுவது என்று அவரவரே தீர்மானிக்கட்டும், ஆனால் நீட்டப் போகும் முன் அரை நொடி கவனிக்கட்டும். உந்துதல் எழும், அது போதாது. அதற்குப் பின் ஒரு தொடக்கம் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் கால் நகர்கிறது. அந்தத் தொடக்கத்தைக் கண்ணால் பார்த்ததுபோல் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தானாகச் செய்பவனும் இல்லை, பிறர் செய்விப்பதும் இல்லை என்று வாதம் செய்ய ஒரு பிராமணர் புத்தரிடம் வந்தார் (அங்குத்தர நிகாயம் 6.38). இப்படி ஒரு கருத்தை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்கிறார் புத்தர். தானே முன்னால் நடந்து வருகிற, தானே பின்னால் நடந்து போகிற ஒருவர் எப்படி இதைச் சொல்ல முடியும் என்று கேட்கிறார். தொடங்கும் தன்மை என்று ஒன்று இருக்கிறது, உயிர்கள் தொடங்குவதைப் பார்க்கிறோம், அதுவே செய்கை என்பது அவர் பதில். அநாத்மம் சொன்ன அதே வாயின் சொல் இது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே காலை வைத்துக் காட்ட வேண்டும். ஒன்றை இந்த வாரமும் மற்றதை அடுத்த வாரமும் வைத்தால் நடுவில் ஏழு நாள் இருக்கிறது, அதற்குள் மனம் தனக்கு வசதியான பாதியை எடுத்துக்கொண்டுவிடும்.

இந்த இடத்தில் தமிழே நமக்குக் கைகொடுக்கிறது. 'எனக்குக் கோபம் வந்தது', 'எனக்கு வலித்தது', 'எனக்குப் பசிக்கிறது' என்றுதான் சொல்கிறோம். கோபத்தை யாரும் செய்வதில்லை, அது வருகிறது. வந்து சேரும் இடமாக மட்டும் நாம் நிற்கிறோம். அடித்ததை அப்படிச் சொல்ல முடியாது. 'அடித்தேன்' என்றே சொல்ல வேண்டும். அதிலும் பாருங்கள், 'நான்' என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் குறையவில்லை. 'அடித்தேன்', 'பொய் சொன்னேன்', 'கொடுக்காமல் விட்டேன்.' உரிமையாளர் பெயர் வேண்டாம், வினையின் வாலில் ஒட்டியிருக்கும் '‑ஏன்' போதும். அநாத்மத்தையும் பொறுப்பையும் சேர்த்துப் பிடிக்க இதைவிட எளிய பிடி கிடைப்பது கஷ்டம்.

தப்பிக்கும் இலக்கணமும் தமிழில் இருக்கிறது. டம்ளரைக் கீழே போட்டவர் 'உடைஞ்சிடுச்சி' என்பார். 'வார்த்தை வந்துடுச்சி', 'கை நீண்டுடுச்சி', 'அப்படி ஆயிப்போச்சி'. அநாத்மம் படித்தவர் வாயில் இவை இன்னும் சுலபமாக வரும், அதுவும் தத்துவப் பூச்சோடு. ஆகவே விதி இது: 'நான்' என்ற சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம், 'உடைச்சிட்டேன்' என்பது 'உடைஞ்சிடுச்சி' ஆகக் கூடாது.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். 40 பக்க நோட்டே போதும். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் 'வந்தது', வலப்பக்கம் 'செய்தேன்'. இரவு படுக்கும் முன் பத்து நிமிடம், மூன்று வரிக்கு மேல் வேண்டாம். அதிகம் எழுதுபவர்கள் பத்து நாளில் விட்டுவிடுவார்கள். ஒன்றைச் சார்ந்து ஒன்று எழுவதாக மணிமேகலை சொல்லும் சார்புச் சங்கிலியில் ஊறு (புலனில் படுவது), நுகர்ச்சி, வேட்கை, பற்று என்று ஒரு பகுதி வரும். நுகர்ச்சி வரை இடப்பக்கம். வேட்கை எழுவதும் முதலில் இடப்பக்கம்தான். அதைப் பிடித்துக்கொண்டு போன இடத்திலிருந்து வலப்பக்கம். கோடு எங்கே விழுகிறது என்று தேடுவதே பயிற்சி. சில நாள் கோடு ஒரு விரல் இடப்பக்கம் நகரும்: 'கோபம் வந்தது என்றுதான் எழுதினேன், ஆனால் அரை மணி நேரம் அதையே நினைத்து நினைத்து ஊதினேன்.' அந்த 'ஊதினேன்' கண்ணில் பட்டுவிட்டால் நோட்டு வேலை செய்கிறது.

கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. எல்லாவற்றையும் இடப்பக்கம் எழுதுபவரைப் பற்றிச் சொல்லியாயிற்று. அதைவிட ஆபத்து எல்லாவற்றையும் வலப்பக்கம் எழுதுவது. அடி வாங்கிய பெண் 'அவருக்குக் கோவம் வர்ற மாதிரி நான்தான் பேசிட்டேன்' என்று எழுதிக்கொண்டு வருவார். அடித்தது இவருடைய நோட்டில் வரவே கூடாது, அது அடித்தவரின் வலப்பக்கம். அந்தக் கோபத்தை எழுப்பிய சார்புகளில் இவர் பேச்சும் ஒன்றாக இருக்கலாம். சார்பாக இருப்பது வேறு, செய்வது வேறு. இதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அலசக் கூடாது. தனியாக, வயதில் மூத்த ஒரு பெண் அவரோடு உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று. யாராவது 'நானே இல்லங்கறது நிம்மதியா இருக்கு, இருந்துதான் என்ன ஆகப்போவுது' என்று சொன்னால் அநாத்மப் பாடத்தை அவருக்கு அன்றே நிறுத்திவிடுங்கள். அதை ஞானம் என்று மெச்சக் கூடாது. சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கேட்டு, கூடவே ஒருவர் போய் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆன்மா இல்லை என்ற போதனை உயிரின் மதிப்பைக் குறைக்க வந்ததில்லை.

அடுத்து, தொடர்ச்சி. நேற்றைய ஐந்து கந்தமும் இன்று மாறிவிட்டன என்றால் நேற்றைய கடன் இன்றைக்கு யாருடையது? மிலிந்த மன்னனின் கேள்விகளுக்குப் பிக்கு நாகசேனர் பதில் சொல்லும் நூலான மிலிந்த பஞ்ஹாவில் வரும் மாம்பழத் திருடன் கதை குடியாத்தம் பக்கத்தில் எடுபடும், தோப்புக்காரர்கள் இருக்கிறார்கள். 'நீங்க நட்டது வேற மாங்காய், நான் பறிச்சது வேற மாங்காய்' என்று திருடன் சொன்னால் அரசன் விடுவானா? நட்டதைச் சார்ந்தே பறித்தது வந்தது, அதனால் தண்டனை உண்டு. நாகசேனர் தரும் இன்னோர் உவமை தயிர். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு இறக்கி, ஒரு ஸ்பூன் உறைமோர் விடுகிறோம். சூடாக விட்டால் திரிந்துவிடும், ஆறவிட்டால் உறையாது. காலையில் இருப்பது பாலும் அல்ல, வேறெங்கிருந்தோ வந்ததும் அல்ல. பால்காரருக்கு ராத்திரி பாலுக்கான காசைத் தராமல் 'இது தயிர்தானே' என்று யாரும் சொல்வதில்லை. அதேபோல் ஆடி மாதம் சீட்டு எடுத்தவர், தை மாதத் தவணைக்கு 'எடுத்தது வேறொருத்தி' என்றால் சீட்டுக்காரர் ஏற்பாரா? அதே ஆளும் இல்லை, வேறு ஆளும் இல்லை, ஆனால் தவணை தொடர்கிறது. இந்த இடத்தை நீட்ட வேண்டியதில்லை. சீட்டுக் கட்டும் பெண்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

நீட்ட வேண்டிய இடம் முன்வினை. வேலூர் மருத்துவமனைகளுக்கு நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் வந்து இறங்கும் ஊர். வெளியே வரிசையில் நிற்பவர்கள் வாயில் எந்த மொழியானாலும் ஒரே வாக்கியம்: போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தோமோ. பௌத்தமும் அதைத்தான் சொல்கிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சங்யுத்த நிகாயத்தில் (36.21) சீவகர் என்ற துறவி நேராகவே கேட்கிறார்: அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாம் முன்வினையால்தானா? புத்தர் எட்டுக் காரணம் அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், வினையின் விளைவு. எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாமே முன்வினை என்பவர்கள் கண்ணால் கண்டதையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் போகிறார்கள் என்று முடிக்கிறார். இன்னோர் இடத்தில் (அங்குத்தர நிகாயம் 3.61), எல்லாம் முன்வினை, எல்லாம் கடவுள் செயல், எல்லாம் காரணமற்றது என்ற மூன்றையும் ஒன்றாக நிறுத்தி, மூன்றும் மனிதரைச் செயலற்றவராக்கும் என்கிறார்.

இந்த மண்ணில் இது ஏட்டு விவாதமாக இருந்ததே இல்லை. பிறப்பால் தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்டவர்களிடம், 'உன் முன்வினை' என்று நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லப்பட்டது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசரும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை பெற்ற அம்பேத்கரும் பௌத்தத்தைக் கையில் எடுத்ததற்கு இந்தப் பொய்யை உடைப்பது ஒரு முக்கியக் காரணம். முன்பிறவி வினை இந்தப் பிறப்பின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பதை அம்பேத்கர் புத்தரின் போதனையாக ஏற்கவே இல்லை. ஆன்மா என்று ஒன்று கூடுவிட்டுக் கூடு பாய்ந்து, தன் பழைய கணக்கை ஒரு சேரியில் வந்து தீர்க்கிறது என்ற கதைக்கு முதலில் அந்த ஆன்மா வேண்டும். அநாத்மம் அதன் அடிவேரையே எடுத்துவிடுகிறது. கண்ணால் கண்டதை மறந்து, முயலுக்குக் கொம்பு உண்டு என்று கேட்டதை நம்புவதை மணிமேகலை பேதைமை என்கிறது. முன்வினைச் சாதி அப்படி ஒரு முயற்கொம்பு. இதைப் படிக்கும் நாளில் பெரியவர்கள் சிலர் வெகுநேரம் பேசாமல் இருப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள். அன்றைக்கு வேறு பாடம் வைக்க வேண்டாம்.

தோல் வேலை செய்பவர்கள் கேட்பார்கள்: எங்க வேலை பாவமா? உறுதியாகப் பதில் சொல்லலாம். இல்லறத்தார் விலக்க வேண்டிய வணிகம் என்று புத்தர் சொன்னவை ஐந்து (அங்குத்தர நிகாயம் 5.177): ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு. தோல் பதனிடுவது அதில் இல்லை. அந்த வேலையின் மேல் ஒட்டிய இழிவு சாதி ஒட்டியது, தம்மம் (புத்தரின் போதனை) ஒட்டியது அல்ல.

ஆனால் தோல் கழிவு கலந்து கெட்ட பாலாறு இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்தப் பகுதி இருந்த மாவட்டத்தின் பெயர் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்று, அந்த மாவட்டமும் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அநாத்மம் படிப்பவர்களுக்கு இதில் கவனிக்க ஒன்று உண்டு. ஆற்றைக் கெடுத்த 'அந்த ஒருவர்' கிடையாது. ஒவ்வொரு டேனரியும் 'நான் விட்ட தண்ணியாலயா ஆறு கெட்டுச்சி' என்று கேட்க முடியும், அந்தக் கேள்வி பொய்யும் இல்லை. பல சார்புகள் கூடி ஒரு விளைவு. அதனால் பொறுப்பு காற்றில் கரைந்துவிடவில்லை, ஒவ்வொரு குழாய் வாயிலிலும் போய் நின்றது. உறுப்புப் பட்டியலை இங்கே எடுத்து வையுங்கள். கழிவு என்று தெரிந்ததா? தடுக்கும் வசதி கையில் இருந்ததா? தெரிந்தும் திறந்தது யார்? கழிவைச் சுத்திகரிக்காமல் விடச் சொன்ன முதலாளிக்கும், தினக்கூலிக்கு வால்வைத் திருப்பியவருக்கும், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்ணுக்கும் ஒரே பதில் வராது. மூவரையும் ஒரே தராசில் நிறுத்தி 'எல்லோருக்கும் பங்கு உண்டு' என்று முடிப்பது சோம்பேறித்தனம். அறிவும் அதிகாரமும் எவ்வளவோ, வலப்பக்கம் எழுத வேண்டியதும் அவ்வளவு.

கடைசியாக, எழுதியதை என்ன செய்வது. அம்பலட்டிகை என்ற இடத்தில் தன் மகன் ராகுலருக்குப் புத்தர் சொன்னது (மஜ்ஜிம நிகாயம் 61) மூன்று நேரப் பார்வை: செய்யும் முன், செய்யும்போது, செய்த பின். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல. தனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ தீங்கா என்று பார்த்து, முன்னாலேயே தெரிந்தால் செய்யாமல் விடுவது, நடுவில் தெரிந்தால் நிறுத்துவது. செய்து முடித்தபின் தெரிந்தால், மனதால் செய்ததற்கு வெட்கி விலகினால் போதும். உடம்பாலும் சொல்லாலும் செய்ததை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொல்லாதீர்கள், அது நாடகமாகிவிடும். பாதிக்கப்பட்டவரிடம் நேராகப் போக வேண்டும். போவது அவருக்கு இன்னும் தொந்தரவு என்றால் மட்டும் நம்பிக்கையான ஒரு மூத்தவரிடம். காரணம் சொல்லக் கூடாது. மூன்று நான்கு சின்ன வாக்கியங்கள் போதும்.

கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்ததைச் சொல்லாமல் எடுத்து வந்தவருக்கு நாங்கள் எழுதிக் கொடுப்பது இது: "அக்கா, நேத்து அம்பது ரூபா கூட குடுத்துட்டீங்க. பார்த்தேன். சொல்லாம எடுத்துட்டுப் போனேன். இந்தாங்க." பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்தை விழுங்கிவிட்டுக் காசை மட்டும் நீட்டிவிட்டு வருவார்கள். கடைக்கார அக்காவும் 'நீ ஒருத்தன்தான்பா நல்லவன்' என்று பாராட்டி அனுப்பியிருப்பார். மறுநாள் திரும்பப் போய், 'பார்த்தேன்' என்பதை மட்டும் சொல்லிவிட்டு வரச் சொல்கிறோம்.